மொஹினேர் கோடாகுலி: ஒரு வங்காள ராக் இசைக்குழுவின் பாடல்மொழியும் மறுவாழ்வும்

1. முன்னுரை

இந்திய மொழிகளின் பாடல்களைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் செவ்வியல் இசைப்பாடல், நாட்டுப்புறப் பாடல், திரைப்பாடல் என்னும் மூன்று வகைகளுள் அடங்கிவிடுகின்றன. இம்மூன்றிலும் அடங்காமல், மேனாட்டு ராக் இசையின் கருவிகளையும் மனப்பாங்கையும் ஏற்றுத் தாய்மொழியிலேயே பாட முற்பட்ட இசைக்குழுக்களின் பாடல்கள் மொழியியலார் பார்வையிலும் மொழிபெயர்ப்பாளர் பார்வையிலும் அதிகம் பட்டதில்லை. இத்தகைய குழுக்களுள் காலத்தால் முந்தியதும் வரலாற்றால் தனித்தன்மை உடையதுமாகிய 'மொஹினேர் கோடாகுலி' என்னும் கல்கத்தாக் குழுவின் பாடல்மொழியை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

இக்குழு 1975இல் தோன்றி, மூன்று சிறு இசைத்தட்டுகளை வெளியிட்டு, 1981இல் கலைந்தது. வாழ்ந்த காலத்தில் அதனைக் கேட்டோர் சிலரே. 1995க்குப் பின்னர் அதே பெயர் வங்காள இளைஞரிடையே ஒரு தொன்மம்போல் வழங்கலாயிற்று. கலைந்த பின் ஒரு குழு புகழ்பெற்றதற்கு இசைச்சுவையின் மாற்றத்தை மட்டும் காரணமாகக் கூறுவது போதாது என்பதும், அப்புகழே குழுவின் முதற்காலப் பாடல்மொழியை மறைத்துவிட்டது என்பதும் இக்கட்டுரையின் கருத்துகள். இவற்றை நிறுவுவதற்குச் சொற்களே சான்றுகளாக அமைகின்றன.

2. தோற்றமும் பெயரும்

2.1. குழுவின் மையமாக விளங்கியவர் கௌதம் சட்டோபாத்யாய். நக்சல்பாரி இயக்கத்தில் ஈடுபட்டுச் சிறை சென்று மீண்டவர். அவருடன் அவர்தம் தம்பியர் பிரதீப், விஸ்வநாத் ஆகியோரும், உறவினர் ரஞ்சன் கோஷாலும், நண்பர்கள் தபஸ் தாஸ், தபேஷ் பந்தோபாத்யாய், ஆப்ரகாம் மஜும்தார் ஆகியோரும் சேர்ந்து எழுவராயினர். நெருக்கடி நிலை நிலவிய ஆண்டுகளில் பழகத் தொடங்கிய இக்குழு, மேற்கு வங்காளத்தில் இடதுசாரி முன்னணி ஆட்சியேற்ற 1977ஆம் ஆண்டில் தன் முதல் இசைத்தட்டை வெளியிட்டது. கிதார், சாக்சபோன், டிரம்ஸ், வயலின், புல்லாங்குழல் ஆகியவற்றோடு பாவுல் பாடகர்களின் மரபையும் இணைத்த தம் இசையைக் கௌதம் 'பாவுல் ஜாஸ்' என்று குறிப்பிட்டதுண்டு.

இக்குழுவை 'வங்காள மொழியின் முதல் ராக் குழு' என்று கூறும் வழக்கம் பரவியுள்ளது. இக்கூற்று திருத்தத்துக்குரியது. எழுபதுகளின் தொடக்கத்திலேயே டாக்காவில் ஆஜம் கான், 'உச்சாரண்' என்னும் குழுவின் வழியாக வங்காள மொழியில் ராக் பாடினார். இந்தியாவில் முதலாவது என்று வரையறுத்துக் கூறுவதே பொருந்தும். டாக்காக் குழுவின் பெயருக்கு 'உச்சரிப்பு' என்பது பொருளாதலை மொழியியலார் கருத்திற்கொள்ளலாம்.

2.2. குழுவுக்கு முதலில் 'சப்தரிஷி' என்றும், பின்னர் 'வில்லாளி' எனப் பொருள்படும் 'தீரந்தாஜ்' என்றும், அதன்பின் 'கௌதம் சட்டோபாத்யாய் பி.எஸ்ஸி. ஓ சம்ப்ரதாய்' என்றும் பெயர்கள் இடப்பட்டன. மூன்றாவது பெயர் நகைச்சுவை உடையது. வங்காள மொழியில் 'சம்ப்ரதாய்' என்பது சமயப் பிரிவையும் சமூகத்தையும் குறிப்பதோடு, கீர்த்தனம் பாடுவோர் குழாத்தையும் குறிக்கும். பல்கலைக்கழகப் பட்டத்தையும் கீர்த்தனக் குழாத்தையும் 'ஓ' என்னும் இணைப்புச்சொல்லால் பிணைத்ததிலேயே எள்ளல் பிறக்கிறது. தமிழில் 'சம்பிரதாயம்' என்று எழுதினால் 'வழக்கமான நடைமுறை' என்னும் பொருளே முந்தி நிற்கும். 'கௌதம் சட்டோபாத்யாய் பி.எஸ்ஸி.யும் குழுவினரும்' என்பதே மூலத்தின் தொனியை ஓரளவு காக்கும். ஒரே வடசொல் இரு மொழிகளில் இரு வேறு பொருளில் நிலைபெற்றிருப்பதால் நேரும் இவ்வகை மயக்கம் இக்குழுவின் வரலாறு நெடுகிலும் குறுக்கிடுகிறது.

2.3. நிலைத்த பெயரை முன்மொழிந்தவர் ரஞ்சன் கோஷால். அது ஜீவனானந்த தாஸின் 'கோடா' என்னும் கவிதையிலிருந்து எடுக்கப்பட்டது. அக்கவிதை 1948இல் வெளிவந்த 'சாத்டி தாரார் திமிர்' என்னும் தொகுப்பில் உள்ளது. தொகுப்பின் பெயருக்கு 'ஏழு விண்மீன்களின் இருள்' என்பது பொருள். முதலில் 'சப்தரிஷி' என்று பெயர் பூண்ட எழுவர் இறுதியில் இத்தொகுப்பிலேயே வந்து சேர்ந்தமை பொருத்தமான தற்செயல் எனலாம்.

'மொஹினேர் கோடாகுலி' என்பதை 'மகீனின் குதிரைகள்' என்று தமிழாக்கலாம். ஆனால் '-குலி' என்னும் ஈறு தமிழின் '-கள்' போன்று பன்மையை மட்டும் உணர்த்துவதன்று. சுட்டப்பட்ட, அறியப்பட்ட பொருள் என்னும் திட்டவட்டத்தையும் உடன் உணர்த்தும். இவ்வீற்றின் பேச்சு வடிவம் '-குலோ' என்பதாகும். '-குலி'யில் சற்று இலக்கியச் சாயலும் பரிவும் உண்டு. ஆகவே மூலப் பெயரைக் கேட்பவர்க்கு அக்குதிரைகளும் அவற்றின் உடையவனும் முன்பே அறிமுகமானவை போன்ற தோற்றம் எழுகிறது. உண்மையில் மகீன் யார் என்பதைக் கவிதை விளக்குவதே இல்லை. அறியாத ஒன்றை அறிந்ததுபோல் கூறும் இவ்விலக்கண உத்தியே பெயரின் கவர்ச்சிக்குக் காரணம். தமிழில் எழுவாய் நிலையில் இதனைக் காட்டத் தனி உருபு இல்லை. 'மகீனின் அந்தக் குதிரைகள்' என்றால் சுட்டு மிகைபடும். பெயரை மொழிபெயர்க்காது ஒலிபெயர்ப்பதே தக்கது என்பது இக்கட்டுரையாளர் கருத்து. உயிர்களுக்கு இடையே வரும் தமிழ் டகரம் வங்காள வருடொலிக்கு நெருங்கியதாதலின் 'கோடாகுலி' என்னும் வடிவம் இங்கு மேற்கொள்ளப்பட்டுள்ளது.

அக்கவிதையில் குதிரைகள் மேய்வது கார்த்திக மாத நிலவில். வங்காளத்துக் கார்த்திகம் அக்டோபர் நடுவில் தொடங்குவது. அது தமிழரின் ஐப்பசி. 'கார்த்திகை நிலவு' என்று மொழிபெயர்ப்பவர் ஒரு மாதம் பிழைப்பதோடு, தமிழ் வாசகர் மனத்தில் தீபங்களையும் ஏற்றிவிடுவார்.

3. முதற்காலப் பாடல்மொழி (1977–1979)

3.1. எழுபதுகளில் வங்காள வானொலியிலும் இசைத்தட்டுகளிலும் கோலோச்சிய 'ஆதுனிக் கான்' என்னும் மெல்லிசைப் பாடலுக்கு வரையறுத்த ஒரு சொற்கிடங்கு இருந்தது. 'மோர்', 'தவ', 'ஹியா' என்றாற்போன்ற செய்யுட்சொற்கள், பேச்சிலிருந்தும் உரைநடையிலிருந்தும் நீங்கிய பின்னும் பாடலில் வாழ்ந்தன. 1914இல் பிரமத சௌதுரியின் 'சபுஜ் பத்ர' இதழ் பேச்சுநடைக்காக வாதிடத் தொடங்கி அறுபது ஆண்டுகள் கடந்திருந்தன. எனினும் உரைநடை கண்ட மாற்றத்தைப் பாடல் முழுமையாகக் கண்டிருக்கவில்லை. கோடாகுலியின் முதல் மீறல் இங்கு நிகழ்ந்தது. கிதாரும் டிரம்ஸும் வங்காளிகளுக்குப் புதியன அல்ல. அன்றாட நகரப் பேச்சு பாடலாக ஒலித்ததே கேட்போர்க்கு அந்நியமாக இருந்தது.

3.2. முதல் இசைத்தட்டின் தலைப்பு 'சம்பிக்ன பாக்கிகுல் ஓ கொல்கத்தா பிஷயக்' என்பதாகும். 'கலக்கமுற்ற பறவைக் குலமும் கொல்கத்தா குறித்தும்' என இதனைப் பெயர்க்கலாம். 'பிஷயக்' ('குறித்த') என்பது ஆய்வேடுகளிலும் அலுவலக அறிக்கைகளிலும் பயிலும் சொல். 'சம்பிக்ன' என்பது அருகி வழங்கும் வடசொல். இவ்விரண்டுக்கும் இடையில் வரும் 'பாக்கிகுல்' என்னும் தொகை கவனத்துக்குரியது. முழுமையான உயர்நடைக்குப் 'பக்ஷிகுல்' என்றிருத்தல் வேண்டும். ஆனால் முற்பகுதி பேச்சில் வழங்கும் தற்பவச் சொல்லாகவும், பிற்பகுதி உயர்நடைக் கூட்டப்பெயராகவும் அமைந்து, ஒரே சொல்லுள் இரு நடைகள் மோதுகின்றன.

இதனைத் தமிழாக்குவோர் 'புள்ளினம்' என்னும் சொல்லை நாடக்கூடும். அச்சொல் முழுவதும் செய்யுள் வழக்காதலின் மோதல் மறைந்துவிடும். 'பறவைக் குலம்' என்பதே ஏற்றது. வங்காளத்தில் உயர்நடை வடமொழியை நோக்கிச் செல்கிறது. இன்றைய தமிழில் உயர்நடை பெரும்பாலும் பழந்தமிழை நோக்கிச் செல்கிறது. எனவே வடசொல்லுக்கு வடசொல் என்னும் நேர்நிறை முறை நடைமாற்றத்தைக் கைவிட்டுவிடும்.

3.3. அவ்விசைத்தட்டில் இடம்பெற்ற 'ஹாய் பாலோபாஷி' குழுவின் தலைசிறந்த பாடல் எனலாம். தலைப்பின் முதற்சொல் 'அந்தோ' என்பதற்கு நிகரானது. இன்றைய தமிழ் இளைஞர் வணக்கத்துக்குக் கூறும் 'ஹாய்' அன்று. பாடுவோன் தான் விரும்புவனவற்றைப் பட்டியலிடுகிறான். அப்பட்டியலில் பிகாசோ, புனுவேல், தாந்தே, பீட்டில்ஸ், டிலன், பீத்தோவன், ரவிசங்கர், அலி அக்பர் ஆகியோர் வருகின்றனர். தாந்தே என்னும் இத்தாலியக் கவியின் பெயர், 'கேட்க' எனப் பொருள்படும் 'ஷுன்தே' என்னும் வினையெச்சத்தோடு இயைபுத் தொடையில் இணைக்கப்படுகிறது. உலகப் பண்பாட்டின் பெரும்பெயர் ஒன்று, வீட்டில் வழங்கும் வினைவடிவத்தோடு எளிதாக உறவு கொள்வதை இவ்வியைபு காட்டுகிறது. நகரத்து நடுத்தர வகுப்பு இளைஞனின் அறிவுச் செல்வமும் அச்செல்வத்தின் சுகமும் ஒருங்கே புலப்படுகின்றன.

பின்னர்ப் பாடல் திரும்புகிறது. வயல்களிலும் துறைமுகங்களிலும் பிறர் வியர்வை சிந்த உழைப்பதைக் காணும்போது பாடுவோனுக்கு எதுவும் பிடிக்காமற்போகிறது. உழைப்போரைச் சுட்ட ஆளப்படும் 'ஓரா காஜ் கரே' என்பது தாகூரின் 1941ஆம் ஆண்டுத் தொகுப்பாகிய 'ஆரோக்ய'வில் உள்ள கவிதையொன்றுக்குப் பெயராகவே வழங்கும் தொடர். ரசனைப் பட்டியலில் இடம்பெறாத தாகூர், ரசனை முறியும் இடத்தில் பெயர் கூறப்படாமல் நுழைகிறார். வங்காள வாசகர் அதனை உடனே உணர்வர். மொழிபெயர்ப்பில் அடிக்குறிப்பின்றி உணர்த்துவது அரிது.

இப்பாடலின் இலக்கண அமைப்பு மேலும் நுட்பமானது. 'பாலோபாஷி' ('நேசிக்கிறேன்') என்பது தன்மை விகுதி பெற்ற வினை, நேசிப்பவனே வினைமுதல். 'பாலோ லாகே' ('பிடிக்கிறது') என்பதில் விரும்பப்படும் பொருளோடு வினை இயைகிறது. உணர்பவன் ஆறாம் வேற்றுமையில் நிற்பான், அல்லது தொக்கு நிற்பான். பட்டியலில் இரண்டாவது அமைப்பும் கலந்து வருகிறது. அங்குச் சுவைகள் அவன்பால் வந்து சேர்கின்றன. அவன் எதுவும் செய்வதில்லை. உழைப்போரைக் கண்டபின் அவ்வமைப்பே எதிர்மறையாகிறது. இறுதியில் நல்ல காலம் வரவேண்டும் என்றும், அனைத்தையும் ஒருசேர நேசிக்க வேண்டும் என்றும் விழையும்போது தன்மை வினை மீள்கிறது. நுகர்வோன் செயலுடையோனாக மாறுவதை வாதம் எதுவுமின்றி வினைவடிவங்களே கூறிவிடுகின்றன. தமிழிலும் 'நேசிக்கிறேன்', 'பிடிக்கிறது' என்னும் இவ்வேறுபாடு உண்டு. உணர்பவன் நான்காம் வேற்றுமை பெறுவது ஒன்றே மாற்றம். எனவே தமிழ் மொழிபெயர்ப்பாளர் இங்கு இழப்பதற்கு ஏதுமில்லை. இரண்டையும் 'விரும்புகிறேன்' என ஒன்றாக்கிவிட்டால் பாடலின் பொருளே போய்விடும்.

3.4. 1978இல் வந்த இரண்டாம் இசைத்தட்டின் பெயர் 'அஜானா உடந்த பஸ்து பா அ-உ-ப' என்பது. 'அறியப்படாத பறக்கும் பொருள் அல்லது அ-உ-ப' என்பது இதன் பொருள். யு.எஃப்.ஓ. என்னும் ஆங்கிலச் சுருக்கத்தை வங்காள எழுத்துகளில் அமைத்ததே இதன் விளையாட்டு. ஆங்கிலச் சுருக்கத்தில் எழுத்தின் பெயர்கள் ஒலிக்கின்றன. இந்திய மொழிகளின் சுருக்கத்தில் அசைகளே ஒலிக்கின்றன. கட்சிப் பெயர்களைத் 'தி.மு.க.' எனச் சுருக்கிப் பழகிய தமிழர்க்கு இது புதிதன்று. ஆனால் கேலிக்குரிய பொருளொன்றுக்கு நிறுவனத் தோரணை தருவதும், சுகுமார் ராயின் 'ஹ-ஜ-ப-ர-ல'வை நினைவூட்டும் அசைவரிசையைத் தலைப்பாக்குவதும் வங்காள நகைச்சுவை மரபின் நேர்த்தொடர்ச்சி. ராக் இசையை மேனாட்டு இறக்குமதி என்று பழித்தவர்கள் கேட்கத் தவறியது இவ்வேரொலியையே.

3.5. இவர்களது மற்றொரு பாடலின் தலைப்பு 'சைத்ரேர் காஃபன்'. சைத்திரம் வடமொழி மாதப்பெயர். 'காஃபன்' அரபு மொழியிலிருந்து பாரசீகம் வழியே வந்த, இசுலாமியர் சவச்சீலையைக் குறிக்கும் சொல். இரு சமூகங்களின் சொற்கள் ஒரே தொகையில் உடன்படுகின்றன. சைத்திரம் வங்காள ஆண்டின் கடைசி மாதம். சித்திரையோ தமிழாண்டின் முதல் மாதம். ஆண்டு மடியும் மாதத்துக்குச் சவச்சீலை போர்த்தும் உருவகத்தைச் 'சித்திரையின்' என்று தொடங்கினால் பிறப்பும் இறப்பும் இடம் மாறிவிடும். 'பங்குனியின் கபன்' என்பதே சரியான தமிழாகும். தமிழ் முசுலிம்களின் வழக்கில் 'கபன்' உயிரோடு இருப்பதால் அதனைக் 'கோடி' என்று மாற்ற வேண்டிய தேவையில்லை.

4. கலைவு

1978இல் ஸ்டார் அரங்கிலும், 1979இல் ரவீந்திர சதனிலும், 1980இல் கல்கத்தா பன்னாட்டு ஜாஸ் விழாவிலும் குழு நிகழ்ச்சிகள் நடத்தியது. மூன்றாம் இசைத்தட்டாகிய 'த்ருஷ்யமான் மொஹினேர் கோடாகுலி' 1979இல் வந்தது. விற்பனை சொற்பமே, ஏளனமும் இருந்தது. 1981இல் குழு கலைந்து, உறுப்பினர் தத்தம் பிழைப்பை நாடிச் சென்றனர். ரஞ்சன் கோஷால் பெங்களூரில் நாடகத்திலும் விளம்பரத் துறையிலும் ஈடுபட்டார். விஸ்வநாத் அமெரிக்கா சென்றார். ஆப்ரகாம் மஜும்தார் இசை கற்பிக்கலானார். கௌதம் திரைப்படத் துறையில் நுழைந்து 'நாகமதி' என்னும் வங்காளப் படத்தை இயக்கினார்.

பெரும்பாலான கட்டுரைகள் இக்கலைவை 'காலத்துக்கு முந்திப் பிறந்தவர்கள்' என்னும் ஒரு தொடரால் விளக்கி அமைகின்றன. இத்தொடர் எதையும் விளக்குவதில்லை. பாவுல் மெட்டும் ஜாஸ் இசையும் அந்நகரத்தார் தனித்தனியே சுவைத்தவைதாம். பேச்சுமொழிப் பாடலைச் சுவைக்கும் கேட்போர் வட்டம் மட்டும் அன்று உருவாகியிருக்கவில்லை. 1992இல் கபீர் சுமனின் 'தோமாகே சாய்' வெளிவந்து பெரும் வரவேற்புப் பெற்றது. அடுத்த ஆண்டு நசிகேதாவின் பாடல்கள் வந்தன. 'ஜீவன்முகி கான்', அதாவது 'வாழ்வை நோக்கிய பாடல்', என்னும் பெயரும் பரவிற்று. ஒரு கிதாரும் நகரப் பேச்சும் போதும் என்பதைச் சுமன் நிறுவிய பின்னரே கோடாகுலி மீள்வதற்கு இடம் கிடைத்தது.

5. மறுவாழ்வு

5.1. 1995இல் 'ஆபார் பச்சோர் குடி பரே' ('மீண்டும் இருபது ஆண்டுகளுக்குப் பின்') என்னும் ஒலிநாடா வெளியாயிற்று. இத்தலைப்பும் ஜீவனானந்தரின் கவிதைத் தொடக்கத்திலிருந்து எடுத்ததே. 1975இல் பெயர் தந்த கவிஞரே சரியாக இருபது ஆண்டுகளுக்குப் பின் மீட்சிக்கும் பெயர் தந்தார். 'ஜரா சமயேர் கான்' (1996), 'மாயா' (1997) ஆகியவை தொடர்ந்தன. பின்னர்க் 'க்யாபார் கான்' வந்தது. இவற்றில் பழைய குழுவினரின் ஆக்கங்களோடு புதியவர்களின் ஆக்கங்களும் இடம்பெற்றன. பாடியவர்களுள் பெரும்பாலோர் இளைய குழுவினர்.

இத்தொகுப்புகள் 'மொஹினேர் கோடாகுலி சம்பாதித' என்னும் குறிப்புடன் வெளிவந்தன. தமிழில் 'சம்பாதித்த' என்றால் 'ஈட்டிய' என்று பொருள். வங்காளத்தில் அதுவே 'பதிப்பித்த' என்பது. ஓர் இசைக்குழு தன்னைப் பாடியவர் என்றோ இசையமைத்தவர் என்றோ குறிக்காமல் பதிப்பாசிரியர் என்று குறித்துக்கொண்டது இசைவரலாற்றில் அரிய செயல். அச்சொல் நேர்மையானது. 'இவை எம் குரல்கள் அல்ல; யாம் தொகுத்து ஒழுங்கு செய்தவை' என்று அது அறிவிக்கிறது.

5.2. கேட்போர் அவ்வறிவிப்பைப் பொருட்படுத்தவில்லை. இன்று கோடாகுலியின் பாடல் எனப் பெரும்பாலோர் அறிந்தது 1995ஆம் ஆண்டுத் தொகுப்பில் உள்ள 'பிருதிவீடா நாகி' என்பதே. அதனை எழுபதுகளின் பாடலாகக் கருதுவோரும் உளர். அப்பாடலின் சொற்களே இக்கருத்தை மறுக்கின்றன. உலகம் சுருங்கிச் செயற்கைக்கோளின் கையிலும் கேபிளின் கையிலும் சிக்கி, வரவேற்பறைத் தொலைக்காட்சிப் பெட்டியில் அடைபட்டுவிட்டது என்பது அதன் கருத்து. செயற்கைக்கோள் தொலைக்காட்சி இந்திய வீடுகளில் நுழையத் தொடங்கியது 1991இல். 'சாட்டிலைட்', 'கேபிள்' என்னும் கடன்சொற்கள் வீட்டுப்பொருள் பற்றிய சொற்களாக ஒரு வங்காளப் பாடலில் வருவது அதற்குப் பின்னரே இயலும். ஏட்டுச்சுவடிக்குச் சொல்லாட்சி கொண்டு காலம் கணிக்கும் முறை ஒலிநாடாவுக்கும் செல்லுபடியாகும்.

5.3. தலைப்பில் உள்ள 'நாகி' என்னும் இடைச்சொல் மொழிபெயர்ப்பாளர்க்கு ஒரு கொடை. பிறர் கூறக் கேட்டதைத் தான் உறுதி செய்யாமல் உரைக்கும்போது வங்காளத்தில் அது வரும். தமிழில் '-ஆம்' என்னும் ஈறு இப்பணியைச் செவ்வனே ஆற்றுகிறது. 'உலகம் சுருங்கிவிட்டதாம்' என்றதுமே பேசுவோனின் ஐயமும் கேலியும் வந்துவிடுகின்றன. இந்தியும் ஆங்கிலமும் இங்குப் பல சொற்களைச் செலவிட வேண்டும். 'முட்டாள் பெட்டி' எனத் தமிழிலும் வழங்கும் தொலைக்காட்சிப் பட்டப்பெயருக்கு வங்காளத்தில் 'போகா பாக்ஷோ' என்று வழக்கு. இங்கு மோனை ஒன்றை மட்டும் நாம் இழக்கிறோம்.

5.4. 2006இல் வெளிவந்த 'கேங்ஸ்டர்' என்னும் இந்திப் படத்தில், பிரீதம் இசையமைப்பில் டாக்காவின் ராக் பாடகர் ஜேம்ஸ் பாடிய 'பீகி பீகி' இம்மெட்டில் அமைந்தது. வங்காளத்துக்கு வெளியே இம்மெட்டு பரவியது இதன் வழியாகவே. 'நனைந்த நனைந்த' எனத் தொடங்கும் அப்பாடல் பிரிவுத்துயர் பற்றியது. தொலைக்காட்சியைப் பற்றிய எள்ளலும், 'நாகி'யின் ஐயமும் முற்றிலும் நீங்கின. மெட்டு நாடெங்கும் சென்றது. சொற்கள் கல்கத்தாவிலேயே தங்கிவிட்டன. மொழிபெயர்ப்பு நிகழாமல் இசை மட்டும் பெயர்வதன் விளைவு இதுவே. திரையிசையில் இதனைக் குற்றமாகக் கருதுவோர் சிலரே. ஆயினும் சொல்லுக்காகவே மரபை மீறிய ஒரு குழுவுக்கு இது பெரிய இழப்பு.

5.5. உயிருள்ள மறுவாழ்வு வேறிடத்தில் நிகழ்ந்தது. 1989இல் தோன்றிய 'சந்த்ரபிந்து', தொண்ணூறுகளில் தோன்றிய 'காக்டஸ்', 'ஃபாசில்ஸ்', 'பூமி' ஆகிய குழுக்கள் நகரப் பேச்சில் ராக் பாடுவதை இயல்பாக்கின. இவற்றுள் முதலாவது, வங்காள எழுத்தில் மூக்கொலியைக் குறிக்கும் குறியின் பெயரைத் தாங்கியது. அப்பெயரும் சுகுமார் ராயின் 'ஹ-ஜ-ப-ர-ல'விலிருந்து வந்ததே. கௌதம் சட்டோபாத்யாய் 1999இல் மறைந்தார். 2020இல் ரஞ்சன் கோஷாலும், 2023இல் தபஸ் தாஸும் மறைந்தனர்.

6. முடிவுரை

மேற்கண்டவற்றால் பெறப்படும் கருத்துகள் பின்வருமாறு: கோடாகுலியின் புதுமை முதன்மையாக மொழிநடை சார்ந்தது, அதன் தோல்வியும் மீட்சியும் பேச்சுமொழிப் பாடலுக்கான கேட்போர் வட்டத்தின் வளர்ச்சியோடு தொடர்புடையவை, பிற்காலப் புகழ் தொண்ணூறுகளின் தொகுப்புகளைச் சார்ந்து நின்று முதல் மூன்று இசைத்தட்டுகளை நிழலில் தள்ளிவிட்டது.

மதிப்பீட்டு நோக்கில், தொண்ணூறுகளின் பாடல்கள் இனிமை மிக்கவை. ஆனால் ஒரே சொல்லுள் இரு நடைகளை மோதவிட்ட துணிவும், வினைவடிவ மாற்றத்தால் ஒரு வகுப்பின் மனச்சான்றை வெளிப்படுத்திய நுட்பமும் முதற்காலப் பாடல்களுக்கே உரியவை. அவற்றுக்கு நம்பகமான பாடப்பதிப்பும், பிற இந்திய மொழிகளில் சொற்குறிப்புடன் கூடிய மொழிபெயர்ப்பும் தேவை. குழுவே தன்னைப் பதிப்பாசிரியராக அறிவித்துக்கொண்ட பின்னர், அப்பாடல்களைப் பதிப்புக்குரிய பாடங்களாகக் கருதத் தயங்குவதற்குக் காரணமில்லை. தமிழில் இம்முயற்சி மேற்கொள்ளப்படுமாயின், இலக்கண ஒற்றுமைகள் துணைநிற்கும்; சைத்திரம், கார்த்திகம், சம்ப்ரதாய், சம்பாதித போன்ற உருவொத்த சொற்களிடத்தே மிகுந்த விழிப்பு வேண்டும். சொல்வடிவம் ஒத்திருக்கும் இடத்திலேயே பொருள் நழுவுகிறது என்பதை, தொலைவிலுள்ள மொழிகளைக் காட்டிலும் அண்டை மொழிகளின் மொழிபெயர்ப்பே தெளிவாகக் காட்டுகிறது.